இல்லை என்று எழுதிய ஊர்

பேருந்து அடிவாரத்துச் சோதனைச்சாவடியில் நின்று, வனக்காவலர் ஒருவர் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி, மறுபடி கிளம்பியபோது இருதயநாதன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். காகிதம் இருந்தது. எங்கே போய்விடும், வீட்டைவிட்டுக் கிளம்பியதிலிருந்து இது ஆறாவது தடவை. நான்காக மடித்த ஒற்றைத் தாள். அதில் நான்கே எழுத்துகள் மாறி மாறி வரும் இரண்டு வரிசைகள், படிக்கிறவனுக்கு ஏதோ குழந்தை கணினியில் கையை வைத்துவிட்டது போலத்தான் தெரியும். மேல் வரிசை, மேல்தும்பை கிராமத்தில் ஏழு வருஷத்துக்கு முன்னால் பிடித்த மூஞ்சூறு ஒன்றின் காதுக்குள்ளிருந்து எடுத்த உண்ணியின் மரபணு. கீழ் வரிசை, மனிதர்களுக்கு உண்ணிக் காய்ச்சலைக் கொண்டுவருகிற இனத்தினுடையது, யாரோ எந்த ஊரிலோ படித்துப் பதிந்து வைத்தது. இரண்டும் ஒன்று. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது ஒன்று. அந்த இனம் மேல்தும்பையில் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவர் இருதயநாதன்தான். இந்த மாவட்டத்தில் எலி, அணில், மூஞ்சூறு இவற்றின் மேல் ஊர்வது எதுவானாலும் முப்பத்தியொரு வருஷமாக அவர் மேசைக்குத்தான் வரும், அவர் வைப்பதுதான் பெயர். இன்னும் பதினோரு மாதத்தில் ஓய்வு. நல்லபடியாக முடிந்துவிடும் என்றுதான் போன வாரம்வரை இருந்தது. போன வாரம் செவ்வாய்க்கிழமை வரை. பேருந்து முதல் வளைவில் முக்கி ஏறியது, சன்னல் வழியாகப் பச்சை வாடை ஈரமாக உள்ளே வந்தது, ஐப்பசி மழை இரண்டு நாளாக விட்டிருந்தது, மழை விட்டு வெயில் அடிக்கும் இந்த நாட்களில்தான் உண்ணிகள் முட்டையிலிருந்து வெளிவந்து புல் நுனியில் ஏறிக் காத்துக்கிடக்கும் என்று நினைத்தார், நினைத்ததும் தொடையில் அரித்தது, ஒன்றுமில்லை, நினைப்புதான்.

மெஹருன்னிசா கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள். அதை அவர் மறக்க மாட்டார். ஆய்வகத்தில் மரபணுப் பிரிவுக்கு வந்து இரண்டு வருஷம்கூட ஆகாத பெண், இருபத்தொன்பது வயது, எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கலாம், திங்கட்கிழமைக் கூட்டத்தில் திரையில் போட்டே காட்டியிருக்கலாம். "சார், ஒரு நிமிஷம்" என்று உள்ளே வந்து, கதவைச் சாத்தி, உட்காராமல் நின்றபடி, "பழைய உண்ணிக் குப்பிங்க எல்லாத்தையும் மெஷின்ல ஓட்டிக்கிட்டு வரேன் இல்ல, மேல்தும்பை குப்பியில ரெண்டு இனம் வருது சார். ஒண்ணு நீங்க எழுதினது. இன்னொண்ணு..." என்று சொல்லிக் காகிதத்தை வைத்தாள். "மூணு தடவை ஓட்டிட்டேன் சார். என் கைத்தப்பா இருக்கும்னுதான் மொதல்ல நெனச்சேன்." என் கைத்தப்பாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். அந்த வாக்கியத்திலேயே அவர் ஒரு வாரமாகத் தங்கியிருந்தார். தன் பக்கம் ஒரு விரலை நீட்டிவிட்டுத்தான் அவள் அவர் பக்கம் திரும்பினாள். அவர் அந்த வயதில் அப்படிச் செய்திருப்பாரா? மாட்டார். இரண்டு உண்ணிகளில் காய்ச்சல் கிருமியும் இருக்கிறது என்று அவள் கடைசியாகத்தான் சொன்னாள், குரலை இறக்கி, ஆஸ்பத்திரி வராந்தாவில் சொல்வதுபோல. "டைரக்டருக்கு அனுப்பட்டுமா சார், இல்ல நீங்க ஒரு தடவை பார்த்துட்டு..." அவர் "அனுப்புங்கம்மா, இன்னைக்கே அனுப்புங்க" என்றார். "பழைய அறிக்கை யாரோடதுன்னு போடணுமா?" "என் பேரைப் போடுங்க. அப்பதான் எதை மாத்தணும்னு தெரியும்." சொல்லும்போது குரல் நன்றாகத்தான் இருந்தது. அவள் போன பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றித் துடைத்தார்.

அப்புறம் ஸ்லைடு பெட்டியை எடுத்தார். மரத்தாலான பெட்டி, மேலே அவர் கையெழுத்திலேயே ஊர்ப் பெயரும் தேதியும். உண்ணியை உயிரோடு பார்த்தால் குங்குமப் பொடியில் ஒரு துகள், ரவையில் பத்தில் ஒரு பங்கு. கண்ணாடித் தகட்டில் வைத்துப் பெரிதாக்கினால்தான் அதன் முதுகில் ஒரு சின்னக் கேடயம் தெரியும், கேடயத்தில் மயிர்கள் தெரியும். தொல்லையில்லாத இனத்துக்கு நான்கு. காய்ச்சல் கொண்டுவருகிற இனத்துக்கு ஐந்து, முன்பக்கம் நட்டநடுவில் ஒன்று கூடுதல். ஒரே ஒரு மயிர். முதல் ஸ்லைடு நான்கு. இரண்டு, மூன்று, நான்கு, எல்லாம் நான்கு. ஒன்பதாவது வரை நான்கு. பத்தாவதை வைத்து நுண்ணோக்கியைத் திருகினார், தெளிந்து வந்தது, அது அங்கே நின்றது, நட்டநடுவில், ஏழு வருஷமாக அசையாமல், யாராவது எண்ணட்டும் என்று. பதினான்காவதிலும் ஐந்து. பத்தொன்பதிலும். மரபணு இயந்திரம்கூட வேண்டியதில்லை. கண் போதும். கண் இருந்தது. பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை? இங்கேதான் மனசு மாட்டிக்கொள்கிறது, ஒரு வாரமாக இதே முள்ளில். அன்று மின்வெட்டு, அடிக்கடி விளக்கு மங்கியது. மின்வெட்டு இருந்ததா? அந்த வருஷம் இருந்தது, அந்த நாளில் இருந்ததா என்று தெரியாது. ஜெசிந்தாவுக்குக் கண்ணில் அறுவை, ஆஸ்பத்திரிக்கும் ஆய்வகத்துக்கும் அலைந்துகொண்டிருந்தார். ஆனால் மனைவிக்கு அறுவை நடந்தது தையில், அறிக்கை கார்த்திகையில். மாவட்ட அலுவலகத்திலிருந்து போன் மேல் போன் போட்டு அவசரப்படுத்தினார்கள், அது உண்மை, ஆனால் அவர்கள் எப்போதுதான் அவசரப்படுத்தவில்லை? ஒவ்வொரு காரணமாக எடுத்துப் போட்டுப் பார்த்து, ஒவ்வொன்றும் நொறுங்கி, கடைசியில் எப்போதும் வந்து நிற்கும் இடத்துக்கே வந்து நின்றார். ஒன்பது பார்த்தாயிற்று, ஒன்பதும் ஒன்று, மீதியும் அதுவாகத்தான் இருக்கும், நமக்குத் தெரியாததா என்று இருந்தார். அவ்வளவுதான். விளக்கு நன்றாக எரிந்திருக்கும்.

மூன்றாவது வளைவு, நான்காவது. ஓட்டுநர் திருப்பும்போதெல்லாம் பேருந்து முழுக்க ஒரே பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது, மேலே கம்பித் தட்டில் யாருடைய முட்டை அட்டையோ சரிந்து, நடத்துநர் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே மறு கையால் சீட்டுக் கிழித்தார். அறிக்கை ஒரே ஒரு பக்கம். கடைசி வரி மட்டும்தான் எல்லோரும் படிப்பார்கள். மேற்படி கிராமத்தில் உண்ணிக் காய்ச்சலைப் பரப்பும் இனம் காணப்படவில்லை. காணப்படவில்லை. அழகான வார்த்தை, யார் காணவில்லை என்று சொல்லாத வார்த்தை. அது மாவட்ட அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து நகல் நகலாக அடிவாரத்து ஆஸ்பத்திரிகளுக்கும் மலைமேல் சுகாதார நிலையத்துக்கும் போயிருக்கும். மேல்தும்பையிலிருந்து காய்ச்சலோடு வருகிறவனைப் பார்த்து டாக்டர், இது டெங்குவா இருக்கும், டைபாய்டா இருக்கும், அது மட்டும் இருக்காது என்று தள்ளியிருப்பார். பத்து மாத்திரையில் போகிற காய்ச்சல். விட்டால் ஈரல், நுரையீரல், மூளை. ஏழு மழைக்காலம். ஒரு மழைக்காலத்துக்கு இரண்டு பேர் என்று வைத்தால்கூட, வேண்டாம், வைக்காதே. வைத்தார். பதினாலு. ஊரே நூற்றுச் சொச்சம் வீடு. தாடி வைத்த ஒருவர் டார்ச் அடித்துக் கூண்டு வைக்க இடம் காட்டினாரே, அவர் இருப்பாரா. ஊர்க்கோடி வீட்டுப் பூங்காவனம், புருஷன் கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போயிருந்த வீடு, அங்கே கொல்லையில்தான் நான்கு கூண்டு வைத்தார்கள், கூண்டுக்குள் கருவாட்டுத் துண்டு வைப்பதைப் பார்த்து அந்தப் பெண் இடுப்பில் கைவைத்துச் சிரித்தது, "எலிக்குக் கருவாடு, எங்களுக்கு வெறும் ரசமா, நல்லாருக்குது எலி சார் உங்க நாயம்" என்று. அன்று மத்தியானம் சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் அவளேதான் போட்டாள். பத்தாவது ஸ்லைடு அவள் கொல்லையில் பிடித்த மூஞ்சூறினுடையது. பதினான்காவதும். அவள் அந்தக் கொல்லையில்தான் தினமும் சாணி தட்டுவாள், புல் அறுப்பாள். இருதயநாதன் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கம்பி குளிர்ந்து கிடந்தது. ஆண்டவரே, அந்தப் பெண் இருக்கட்டும். யாரோ ஒருத்தர் போனால்தான் கணக்குத் தீரும் என்றால், சே, என்ன பேரம் இது, ஒருத்தரும் போயிருக்க வேண்டாம், ஆண்டவரே, நடந்து முடிந்ததற்கு ஜெபம் செய்தால் எடுபடுமா என்று தெரியவில்லை, ஆனாலும்.

இன்னொன்றும் இருந்தது, அதை நினைக்காமல் இருக்கத்தான் மற்றதையெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தார் போல. கூண்டுகளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தபோது துணைச் சுகாதார நிலையத்து நர்ஸ் வந்து நின்றாள். வேலைக்குச் சேர்ந்த புதிது, நீல வாயில் புடவை, கையில் தடித்த பதிவேடு. பெயர் தவமணி என்று பின்னால் யாரோ கூப்பிட்டதில் தெரிந்தது. "சார், சிகரெட்டால சுட்ட மாதிரி கருப்பா ஒரு புண்ணு, காய்ச்சல்காரங்க ரெண்டு பேருக்குப் பார்த்தேன் சார். அது உண்ணி கடிச்ச எடந்தானே?" என்று கேட்டாள். மூஞ்சூறுகளின் காதில் அவர் ஏற்கனவே கைக்கண்ணாடி வைத்துப் பார்த்திருந்தார், பெயரும் வைத்தாகிவிட்டது மனசுக்குள். "இங்க அந்த இனம் இருக்கற மாதிரித் தெரியலம்மா, வேற பூச்சியா இருக்கும்" என்றார். அவள் வாதாடவில்லை. சரிங்க சார் என்று தலையாட்டினாள். அந்தத் தலையாட்டல். முப்பத்தியொரு வருஷ அனுபவம் அந்தப் பெண்ணின் கேள்வியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு ஜீப்பில் ஏறிக்கொண்டது, அப்போது இருபத்து நான்கு வருஷம், சரி, இருபத்து நான்கு. அவள் கேட்டபோது நின்று, எங்கேம்மா புண், காட்டு என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால். அவள் அவர் சொன்னதை நம்பியிருப்பாள். நம்பாமல் என்ன செய்வாள், பெரிய ஆபீசர், ஜீப்பில் வந்தவர். நம்பி, அடுத்த காய்ச்சல்காரனை வெறும் பாராசிட்டமாலோடு வீட்டுக்கு அனுப்பியிருப்பாள். அவளையும் சேர்த்து இதில் இழுத்துவிட்டாயே, இருதயநாதா.

எதிர் இருக்கையில் ஒரு பெண் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு புருஷன் தோளில் தலை சாய்த்திருந்தாள். கண் மூடியிருந்தது, உதடு உலர்ந்திருந்தது. இவர் அவளையே பார்த்தார். காதுக்குப் பின்னால், கழுத்தில், கைமடிப்பில், தெரிகிற இடத்தில் எங்கேயும் புண் இல்லை, ஆனால் தெரிகிற இடத்தில் எங்கே இருக்கும் அது. மனசு பொறுக்கவில்லை. "ஏம்ப்பா, காய்ச்சலா?" என்று கேட்டுவிட்டார். புருஷன் திரும்பிப் பார்த்து, "இல்ல சார், பஸ்ஸு ஒத்துக்காது, ஏறுனாலே இப்படித்தான்" என்றான். அவள் கண்ணைத் திறக்காமலே, "எலுமிச்சம்பழம் வாங்கியான்னு சொன்னேன், கேட்டாத்தானே" என்றாள். இருதயநாதனுக்குத் திடீரென்று அவ்வளவு ஆசுவாசமாக இருந்தது, சிரித்துவிட்டார். சிரிப்போடு சிரிப்பாகக் கண் கலங்கியது. ஒரு பேருந்து வாந்திக்கு இவ்வளவு நிம்மதிப்பட முடியும் என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அந்த நிம்மதியின் வாலைப் பிடித்துக்கொண்டு வேறு சிலதும் வந்தன. குப்பிகளைத் தூக்கிப் போடச் சொன்னவர் அவரே, நான்கு வருஷத்துக்கு முன்னால், குளிர்பெட்டியில் இடமில்லை என்று. கழிவுக்குப் போடுவதற்கான படிவம் தலைமையிடத்திலிருந்து வரவில்லை என்று ஸ்டோர்காரர் தள்ளிப்போட்டார், இவர் கோபித்துக்கொண்டார், என்ன ஆபீஸ் இது ஒரு படிவம் வராத ஆபீஸ் என்று. படிவம் வந்திருந்தால் மெஹருன்னிசாவுக்குக் குப்பி இல்லை, அவருக்குத் தெரியப்போவதில்லை, நல்ல பெயரோடு சந்தனமாலை போட்டு அனுப்பியிருப்பார்கள், மேல்தும்பையில் அது இல்லை என்பது அவர் போன பிறகும் இல்லையாகவே இருந்திருக்கும். வராத அந்தப் படிவத்துக்கு யாரிடம் போய் என்ன சொல்வது. ஜெசிந்தாவிடம் சொன்னபோது அவள் ஒரு கேள்வியும் கேட்காமல், "நீங்களே நேர்ல போயிட்டு வந்துடுங்க, இல்லன்னா தூங்க மாட்டீங்க" என்றாள், காலையில் ஐந்தரைக்கே எழுந்து நான்கு இட்லியை வாழை இலையில் கட்டிக் கொடுத்தாள். தப்பு செய்தவனுக்கு இவ்வளவு பேர். இவ்வளவு பேர் எதற்கு நமக்கு நல்லது செய்துகொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தபோது பயம் குறையவில்லை, அதன் பக்கத்தில் இன்னொன்றும் வந்து உட்கார்ந்தது, அவ்வளவுதான்.

மேல்தும்பையில் இறங்கியபோது மணி பதினொன்றே கால். துணைச் சுகாதார நிலையத்துக்குப் புதிதாக மஞ்சள் அடித்திருந்தார்கள். உள்ளே குழந்தைகளுக்கு எடை பார்க்கும் நாள் போல, தாய்மார் ஏழெட்டுப் பேர், தொங்கு தராசில் ஒரு குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. தவமணி கொஞ்சம் பூசினாற்போல் ஆகியிருந்தாள், புடவை மட்டும் அதே நீலம். இவரைப் பார்த்ததும் ஒரு கணம் யோசித்து, "எலி சார்தானே" என்றாள். "உக்காருங்க சார், இந்த ஒண்ணை முடிச்சுட்டு வந்துடறேன்." அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தார்கள், குடித்தார். வழியெல்லாம் ஜோடித்து வைத்திருந்த வாக்கியங்கள் எதுவும் இல்லை. அவள் வந்து எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டதும், "அன்னைக்கு ஒரு புண்ணைப் பத்திக் கேட்டீங்கம்மா. நான் வேற பூச்சின்னு சொன்னேன். நான் சொன்னது தப்பு" என்று மட்டும் சொன்னார். காகிதத்தை நீட்டவில்லை. அந்த எழுத்துகளை வைத்து அவள் என்ன செய்வாள்.

"தெரியும் சார்" என்றாள் தவமணி.

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் எழுந்து போய் இரும்பு அலமாரியைத் திறந்து பதிவேடுகளை எடுத்து வந்தாள், மூன்று, ஒன்றன்மேல் ஒன்றாக. "நீங்க போன மறுவாரமே மூணு பேர் சார். ரெண்டு பேருக்கு அக்குள்ல, ஒரு பொண்ணுக்குத் தொடையிடுக்குல. அப்ப உங்க பேப்பர் இன்னும் வரல. ரெண்டே நாள்ல பேப்பர் வந்துச்சு, படிச்சேன். பேப்பர்ல இல்லைன்னு இருக்குது, உடம்புல இருக்குது. நான் என்ன சார் பண்றது? மலைக்கு வர்ற டாக்டர் மேடத்துக்குப் போன் போட்டேன். ஆய்வகத்துல இல்லைன்னுட்டாங்களேம்மா அப்படின்னாங்க. மேடம், நீங்களே ஒருதரம் வந்து பாருங்கன்னேன். வந்து பார்த்தாங்க. மாத்திரையை எழுதிக் குடுத்தாங்க, மூணாம் நாளு மூணு பேருக்கும் காய்ச்சல் எறங்கிடுச்சு. அதுலேர்ந்து காய்ச்சல்னு யார் வந்தாலும் கதவைச் சாத்திட்டு முழு உடம்பும் பார்த்துடறது, புண்ணு இருந்தா மேடத்துக்குப் போன்ல சொல்லிட்டுக் குடுத்துடறது." அவர், "அப்ப ஏம்மா எங்களுக்கு எதுவும் வரல? மாச அறிக்கையில ஒரு தடவைகூட..." என்று இழுத்தார். அவள் பதிவேட்டைத் திறந்து விரலை வைத்துக் காட்டினாள். நோயின் பெயர் எழுதும் கட்டத்தில் நீல மையில் அவள் கையெழுத்து: காய்ச்சல், வேறு பூச்சிக்கடி. அடுத்த பக்கம், வேறு பூச்சிக்கடி. அதற்கடுத்தது. "இல்லாத வியாதியை எழுதுனா மேல மெமோ குடுப்பாங்க சார். நீங்க சொன்னீங்களே வேற பூச்சின்னு, அதையே எழுதிட்டேன்." அவள் கேலியாகச் சொல்லவில்லை, ஒரு நடைமுறை எப்படி என்று விளக்குவதுபோலச் சொன்னாள். இருதயநாதன் பக்கங்களைப் புரட்டினார். அவர் வார்த்தை ஏழு வருஷமாக இந்தக் கட்டங்களில் ஒரு தொழிலும் செய்யாமல் உட்கார்ந்திருந்தது, அதன் முதுகுக்குப் பின்னால் ஆட்கள் பிழைத்துக்கொண்டிருந்தார்கள். கேட்க வேண்டியது இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது. அவளே சொன்னாள். "நாப்பத்திமூணு பேர் சார். ஒருத்தரும் சாகல."

வெளியே யாரோ குழந்தையைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார்கள். அவர் பதிவேட்டின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டார், அது பறந்துவிடும் போல. ஒருத்தரும் சாகல. நன்றி என்று சொல்லலாம், ஆனால் அந்த வார்த்தை மேடையில் சால்வை போட்டவன் சொல்வது, வாயில் வைத்தாலே மரக்கட்டை மாதிரி இருக்கிறது. கும்பிடலாம், எட்டுப் பேர் பார்க்கிறார்கள், அவளுக்குக் கூச்சமாக இருக்கும். அவள் தன்னை நம்பியிருப்பாள் என்று வழியெல்லாம் பயந்து வந்தாரே, அவள் நம்பவில்லை, தலையை மட்டும் ஆட்டினாள், மரியாதைக்கு ஆட்டிவிட்டுத் தன் கண்ணை நம்பப் போய்விட்டாள். வாழ்நாளில் யார் யாரோ அவர் பேச்சைக் கேட்டிருக்கிறார்கள், அதற்கெல்லாம் சந்தோஷப்பட்டிருக்கிறார், ஒருத்தி கேட்காமல் போனதற்கு இப்படி நெஞ்சு நிறையும் என்று யார் சொன்னார்கள். பையிலிருந்து டைரியை எடுத்தார். "உங்க முழுப் பேர் சொல்லுங்கம்மா." அவள் முகம் மாறியது. "எதுக்கு சார், மெமோவா?" "இல்லம்மா. புது அறிக்கை போகுது. இந்த ஊர்ல அது இருக்குன்னு மொதல்ல பார்த்தது யாருன்னு எழுதணும். நாங்க இல்ல, நீங்கதான்." அவள் கொஞ்சம் யோசித்தாள். "டாக்டர் மேடம் பேரையும் போடுங்க சார், அவங்க வந்து பார்க்கலன்னா நான் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது" என்றாள். பிறகு, "சி. தவமணி" என்றாள். அவர் எழுதினார். எழுத்து கோணியது, அடித்துவிட்டு மறுபடி எழுதினார்.

"ஒருத்தரைப் பத்தி மட்டும் சொல்லணும் சார்" என்றாள் அவள், பதிவேடுகளை எடுத்துக்கொண்டே. அவர் பேனாவை மூடினார். மூன்றாம் வருஷம் அவள் பிரசவ விடுப்பில் இருந்தாளாம். பதிலுக்கு வந்தவர் ஊருக்குப் புதிது. அந்த நேரம் பூங்காவனத்துக்குக் காய்ச்சல் வந்து, நேரே அடிவாரத்து ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோய்விட்டார்கள். அங்கே இந்தப் பேப்பர் இருந்தது. "மேல்தும்பையா, அப்ப அது இருக்காதுன்னு வேற ஊசியாப் போட்டுக்கிட்டு இருந்திருக்காங்க. ஆறு நாள். எனக்குத் தெரிஞ்சதே ஆறாம் நாள்தான் சார், கைக்குழந்தையை மடியில வச்சிக்கிட்டு அந்த டாக்டர்கூடப் போன்ல சண்டை. உடம்பைத் திருப்பிப் பாருங்க சார், எங்கனா இருக்கும்னு. முதுகுல இருந்துச்சு." அவர் டைரியை மூடினார். "பொழச்சிட்டாங்க சார், நல்லாத்தான் இருக்காங்க. ஒரு காது மட்டும் போயிடுச்சு. எடது காது." சொல்லிவிட்டு அவள் சன்னலைக் காட்டினாள். வெளியே வேப்பமரத்தடியில் ஒரு பெண் பேத்தியைப் போலிருந்த குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு முறைக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். தலை நரைத்திருந்தது. மற்றபடி அவளேதான்.

அவர் எழுந்து வெளியே போனார். போகிற பத்தடியில் திரும்பிவிடலாம் என்று இரண்டு தடவை தோன்றியது, நாற்பத்திமூன்று பேர் என்ற நிம்மதியோடு பேருந்து ஏறியிருக்கலாம், யாரும் ஒன்றும் கேட்கப்போவதில்லை. மரத்தடியில் போய் நின்று, "பூங்காவனம்மா" என்றார். அவள் திரும்பவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டார். அப்புறம்தான் புரிந்து சுற்றிக்கொண்டு வலப்பக்கமாகப் போய்க் கல்லில் உட்கார்ந்தார். அவள் பார்த்தாள், வாயெல்லாம் சிரிப்பு. "எலி சாரா! எளைச்சுப் போயிட்டீங்களே. கூண்டு கொண்டாந்திருக்கீங்களா, இந்த வருஷம் சனியனுங்க தொல்லை தாங்கல." கொண்டு வரவில்லை என்றார். பிறகு சொன்னார். எல்லாவற்றையும், முதலிலிருந்து, மெதுவாக, சத்தமாக, காத்திருந்த மற்ற பெண்களுக்கும் கேட்கும்படி: அவள் கொல்லையில் பிடித்தது, ஒன்பதோடு நிறுத்தியது, இல்லை என்று எழுதியது, அந்தக் காகிதம் ஆஸ்பத்திரியில் இருந்தது, அதனால் ஆறு நாள், அதனால் காது. பூங்காவனம் குழந்தையின் கையைத் தடவிக்கொண்டே கேட்டாள். முடித்ததும் குழந்தையின் சட்டையைக் கீழே இழுத்துவிட்டாள். சிரிப்பு போயிருந்தது, ஆனால் கோபம் என்றும் சொல்ல முடியவில்லை. "காது போனது கஷ்டந்தான் சார்" என்றாள் கடைசியில். "இந்தப் புள்ள அந்தப் பக்கம் படுத்து அழுதா தெரியாது. அவ அம்மா வந்து திட்டுவா. இந்தப் பக்கம் போட்டுப் பழகிட்டேன் இப்ப." அவர் தலைகுனிந்திருந்தார். "நீங்க எழுதுனதெல்லாம் எனக்குத் தெரியாது. அந்தப் பொண்ணு போன் பண்ணுனா, அது தெரியும். அவ இல்லன்னா இதை நான் தூக்கியிருக்க மாட்டேன்" என்று குழந்தையை இன்னொரு இடுப்புக்கு மாற்றினாள்.

"எனக்கும் அவங்கதாம்மா" என்றார் இருதயநாதன்.

"உங்களுக்கு எப்ப காய்ச்சல் வந்துச்சு?"

அவர், "போன செவ்வாய்க்கிழமை" என்றார். அவள் அவர் நெற்றியைச் சந்தேகமாகப் பார்த்தாள். உள்ளேயிருந்து தவமணி அடுத்த பெயரைக் கூப்பிட்டாள், பூங்காவனத்துக்குக் கேட்கவில்லை, அவர்தான் சொன்னார், உங்களைத்தான் கூப்பிடறாங்க என்று. "சோறு இருக்குது, சாப்ட்டுப் போங்க" என்று சொல்லிக்கொண்டே அவள் எழுந்து போனாள். கதவு வழியாகத் தராசு தெரிந்தது, குழந்தை அதில் காலை உதைத்தது, தவமணி ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு முள்ளைக் குனிந்து பார்த்தாள், அசைவு நிற்கும்வரை பார்த்தாள், சரியாக நின்ற பிறகும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் எழுதினாள். இறக்கம் இறங்கும் ஒரு மணிப் பேருந்து சாலையில் வந்து நின்று இரண்டு தடவை ஹாரன் அடித்தது. அடுத்தது நான்கு மணிக்குத்தான். இருதயநாதன் செருப்பைக் கழற்றிவிட்டு, கால்களை வெயிலில் நீட்டி, சாப்பாட்டுக்குக் காத்திருந்தார்.